அமாவாசைக்கு அமாவாசை ஊறும் கேக்

மேல்மலையனூரில் பிறந்தவர்களுக்கு மாதம் என்பது அமாவாசையிலிருந்து அமாவாசை வரை. கடன் வாங்கினால் "வர்ற அமாவாசைக்குத் தந்துடறேன்" என்போம். விருந்தாளி வந்து போனால் "போன அமாவாசைக்கு வந்தாங்க" என்போம். அங்காளம்மன் ஊஞ்சலில் ஆடும் அந்த ஓர் இரவுக்காக வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். தெருவெல்லாம் எலுமிச்சம்பழமும் பூசணிக்காயும் கற்பூரப் புகையும்தான். விடிந்தால் ஊர், அறுவடை முடிந்த களத்தைப் போல அமைதியாகக் கிடக்கும்.

எங்கள் வீட்டு கேக்கும் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. கார்த்திகை அமாவாசைக்குப் பழங்களை ஊறப்போட வேண்டும், கிறிஸ்துமஸுக்கு ஐந்தாறு நாள் இருக்கும்போது சுட வேண்டும். 2025-இல் நாட்கள் அழகாக அமைந்தன. நவம்பர் 19 இரவு கார்த்திகை அமாவாசை, டிசம்பர் 19 மார்கழி அமாவாசை. நடுவில் சரியாக முப்பது நாள். வெளியே பம்பை முழங்கிக்கொண்டிருக்க, உள்ளே நான் பேரீச்சையில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மன் ஊர்ல உனக்கு எதுக்கு கிறிஸ்துமஸ் கேக்கு?" என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. கோபத்தோடு யாரும் கேட்டதில்லை, வியப்போடு கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்ல வேண்டும் என்று பல வருடமாக எனக்கு ஓர் ஆசை. பழமும் பருப்பும் பாகில் ஊறிய தோலும் போட்டுச் சுடும் இந்தப் பண்டம் நமக்கு அந்நியமானது என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. அதில் நம் மண் இருக்கிறது, நம் ஆட்களின் உழைப்பு இருக்கிறது. அதைச் செய்யும் பக்குவமோ நம் அடுப்படிக்கு முன்பே தெரிந்த ஒன்று.

ஒரு பழைய நோட்டும் விவிக்கமும்

என் அம்மாவுக்குப் புதுச்சேரியில் ஒரு தோழி இருந்தார். இருவரும் ஆசிரியப் பயிற்சியில் ஒன்றாகப் படித்தவர்கள். வருடா வருடம் டிசம்பர் கடைசியில் அவரிடமிருந்து ஓர் எவர்சில்வர் டப்பா வரும். அதற்குள் வெண்ணெய்த்தாளில் சுற்றிய கருஞ்சிவப்புத் துண்டங்கள். பொங்கலுக்கு அதே டப்பாவில் எங்கள் வீட்டிலிருந்து அதிரசம் போகும். டப்பா வெறுமையாகத் திரும்பியதே இல்லை. தோழி காலமான பிறகு, அவர் கைப்பட எழுதிக் கொடுத்திருந்த கோடு போட்ட நோட்டுப் பக்கத்தை வைத்து அம்மா செய்ய ஆரம்பித்தார். இப்போது நான் செய்கிறேன்.

அந்தப் பக்கத்தின் தலைப்பு 'விவிக்கம்'. புதுச்சேரியில் கிரியோல் குடும்பங்களும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களும் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் பழக்கேக்குக்கு அதுதான் பெயர். கடைகளில் கிடைக்கும் பிளம் கேக்குக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. இதில் ரவை சேரும். வெண்ணெயிலும் முட்டையிலும் ஊறிய ரவை. அதில் ரம்மில் ஊறிய திராட்சை, முந்திரி, பாகில் போட்ட பழத்தோல், ஜாதிக்காய் வாசம். வெட்டினால் மைதா கேக்கைப் போலப் பஞ்சாக இருக்காது. கொஞ்சம் மணல்மணலாக, ஈரமாக, கையில் கனமாக இருக்கும். ரவா லட்டு தின்று வளர்ந்த நாக்குக்கு முதல் வாயிலேயே ஓர் உறவு தெரிந்துவிடும்.

இன்னும் தெற்கே போனால் இலங்கையின் கிறிஸ்துமஸ் கேக்கும் ரவையில்தான் செய்யப்படுகிறது. அதில் முந்திரியைக் கொட்டிப் போடுவார்கள். இஞ்சிப் பாகு, பூசணிக்காய்ப் பாகு, சௌசௌப் பாகு என்று எத்தனையோ சேர்ப்பார்கள். பன்னீரும் தேனும் விடுவார்கள். சுட்டு ஆறியதும் சிறு சிறு துண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாளில் சுற்றி உறவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொடுப்பார்கள். அங்கே பேக்கரி அடுப்பைப் 'போறணை' என்கிறார்கள். போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது அது. நாம் தினமும் புழங்கும் சாவி, அலமாரி, ஜன்னல் எல்லாம் அதே கப்பலில் வந்த சொற்கள்தாம்.

விவிக்கத்தையும் இலங்கை கேக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஐரோப்பியக் கேக்கை இந்தக் கரைப் பெண்கள் தங்கள் கைக்குத் தெரிந்த பொருளால் மறுபடி கட்டியிருக்கிறார்கள். ரவையை எவ்வளவு நேரம் ஊறவிட்டால் எவ்வளவு உப்பும், எவ்வளவு நெய்யைக் குடிக்கும் என்பது அவர்களுக்குக் கண்பார்வையிலேயே தெரியும். அந்த அறிவு மைதா கேக்குக்குள் புகுந்து அதையே மாற்றிவிட்டது.

பிளம் இல்லாத பிளம் கேக்

பிளம் கேக்கில் பிளம் எங்கே என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள். நானும் கேட்டேன். பழைய இங்கிலாந்தில் உலர்ந்த திராட்சைக்கே அந்தப் பெயர் வழங்கியது. அந்த வழக்கு மறைந்துவிட்டது, கேக்கின் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கூழில் உலர்பழம் போட்டுக் குடித்த பண்டம்தான் இதன் மூதாதை. பிறகு கூழ் போய் மாவு வந்தது, வெண்ணெயும் முட்டையும் வந்தன. அடுப்பு வசதி உள்ளவர்கள் சுட்டார்கள். முதலில் அது ஜனவரி 6-ஆம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கான கேக். 19-ஆம் நூற்றாண்டில்தான் கிறிஸ்துமஸ் மேசைக்கு நகர்ந்தது. ஆக, நாம் ஆதிகாலப் பழக்கம் என்று நினைக்கும் இந்த வடிவத்துக்கு வயது ஏறத்தாழ நூற்றைம்பது வருடம்தான்.

இந்தியாவில் இது புகுந்த கதையில் தலச்சேரிக்கு ஓர் இடம் உண்டு. மாம்பள்ளி பாப்பு என்பவர் 1880-இல் அங்கே ராயல் பிஸ்கட் ஃபாக்டரியைத் தொடங்கினார். மாம்பள்ளிக் குடும்பம் வழிவழியாகச் சொல்லும் கதை இது: 1883-இல் அஞ்சரக்கண்டி இலவங்கப்பட்டைத் தோட்டத்து பிரவுன் துரை, இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த ஒரு பிளம் கேக்கைப் பாப்புவிடம் காட்டி, இதைப் போலச் செய்ய முடியுமா என்று கேட்டார். பிராந்திக்கு மாஹேயைக் கைகாட்டினார். பாப்பு மாஹேக்குப் போகவில்லை. முந்திரிப் பழத்திலும் கதலி வாழைப்பழத்திலும் வடித்த உள்ளூர்ச் சரக்கை ஊற்றிச் சுட்டுக் கொண்டுபோய் வைத்தார். துரை தின்று பார்த்துவிட்டு இன்னும் ஒரு டஜன் கேட்டாராம்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது துரை பாராட்டிய இடமில்லை. பாப்பு மாஹேக்குப் போகாமல் தன் தோட்டத்தைத் திரும்பிப் பார்த்த இடம்தான். மாஹே அன்று பிரெஞ்சுக்காரர் ஊர். இன்றும் அது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் ஒரு துண்டு. மேற்குக் கரையில் பாப்பு செய்ததும் கிழக்குக் கரையில் விவிக்கம் செய்த பெண்கள் செய்ததும் ஒரே வேலை.

மல்லாட்டை யாருடையது?

எங்கள் பக்கம் நிலக்கடலையை மல்லாட்டை என்போம். மணிலாக்கொட்டை என்ற பெயர்தான் வாயில் உருண்டு உருண்டு மல்லாட்டை ஆனது. செஞ்சி, மேல்மலையனூர், திண்டிவனம் வட்டாரத்துச் செம்மண்ணில் அது விளையாத ஊர் இல்லை. பச்சை மல்லாட்டையை உப்புப் போட்டு அவிக்கும் வாசம்தான் என் பிள்ளைப் பருவத்து வாசம். மல்லாட்டையைப் போய் அந்நியப் பயிர் என்று யாராவது சொன்னால் எங்கள் ஊரில் சண்டைக்கு வருவார்கள். ஆனால் அது தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் பெயரிலேயே பிலிப்பைன்ஸின் மணிலா உட்கார்ந்திருக்கிறது.

பண்ருட்டி முந்திரியும் அப்படித்தான். பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்த மரம் அது. கொல்லையில் தானாக முளைத்து நிற்கிறதே பப்பாளி, அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். பழக்கேக்கில் நாம் போடும் சிவப்பு, பச்சை, மஞ்சள் டூட்டி ஃப்ரூட்டி முழுக்க இந்தப் பப்பாளியின் காய்தான். பழுக்காத பப்பாளியைத் துண்டுபோட்டுப் பாகில் காய்ச்சிச் சாயமேற்றுவதுதான் அதன் ரகசியம்.

இவையெல்லாம் நம்முடையவை ஆகிவிட்டன. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றவில்லை. விதைத்தோம், விளைந்தது, தின்றோம், பெயர் வைத்தோம். கேக்குக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

வரலாற்றில் இந்த மண்ணின் மல்லாட்டை திரும்பக் கப்பலேறியும் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகரத்துக்கு மூட்டை மூட்டையாகப் போனது. அங்கே ஆலைகளில் எண்ணெய் ஆட்டினார்கள், சோப்பு செய்தார்கள். செஞ்சிப் பக்கத்துச் சம்சாரி விளைவித்தது ஏதோ ஒரு மார்செய் வீட்டுக் குளியலறையில் நுரைத்திருக்கும்.

சர்க்கரையின் கதை இதைவிடக் கனமானது. பழக்கேக்கைப் பழக்கேக் ஆக்குவது சர்க்கரைதான். சர்க்கரை விலை மலிந்த பிறகுதான் ஐரோப்பாவில் சாதாரண வீடுகளுக்கும் பாகில் போட்ட பழங்கள் எட்டின. அந்த மலிவுக்குக் கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்கள் காரணம். முதலில் அங்கே ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக வைத்து வேலை வாங்கினார்கள். 1848-இல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும் தோட்ட முதலாளிகள் ஆள் தேடினார்கள். அந்தத் தேடல் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் வந்தது. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கப்பலேறினார்கள். ஔரேலி என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக் தீவை அடைந்தது. அதே கப்பல் குவாதலூப்புக்கு வந்து சேர்ந்த நாள் 1854 டிசம்பர் 24. அதாவது, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள்.

அந்தத் தேதியைப் படித்த அன்று நான் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். தீவின் தேவாலயங்களில் நள்ளிரவுப் பூசைக்கு மணி அடித்திருக்கும், வெள்ளைக்கார வீடுகளில் பண்டங்கள் மணத்திருக்கும். நம் ஆட்கள் மாதக்கணக்கில் கடலைப் பார்த்துவிட்டு, மொழி தெரியாத கரையில் இறங்கியிருப்பார்கள். அவர்கள் வெட்டிய கரும்புதான் சர்க்கரையாகவும் ரம்மாகவும் ஆனது. அவர்களுடைய வாரிசுகள் இன்றும் அந்தத் தீவுகளில் மாரியம்மனை 'மாலியெமென்' என்றும் மதுரைவீரனை 'மதேவிலேன்' என்றும் அழைத்துக் கும்பிடுகிறார்கள். மொழி கரைந்தும் சாமி கரையவில்லை. ரம்மில் ஊறும் திராட்சை எனக்கு அவர்களை நினைவூட்டாமல் இருந்ததில்லை. இந்தப் பண்டத்தில் நமக்குப் பங்கில்லை என்று என்னால் எப்படிச் சொல்ல முடியும்?

நம் பக்கத்திலேயே கடலூர் மாவட்டத்து நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை 1842-இல் எழுந்தது. இந்த வட்டாரத்தில் கரும்புக்கும் அடுப்புக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

பாகு தெரிந்தவளுக்குப் பாதி வேலை முடிந்தது

இனி அடுப்படிக்கு வருகிறேன். கடையில் வாங்கும் டூட்டி ஃப்ரூட்டி இனிப்பும் நிறமும் மட்டும்தான். வீட்டில் செய்தால் காயின் கடியும் இருக்கும். முற்றிய, ஆனால் பழுக்காத பப்பாளி வேண்டும். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டும், செவ்வல் ஓடியிருந்தால் குழைந்துவிடும். தோல் சீவி விரல்நக அளவுக்குத் துண்டு போட்டு, தெளிந்த சுண்ணாம்பு நீரில் அரைமணி ஊறவைத்து, மூன்று நான்கு முறை கழுவுவேன். சுண்ணாம்பு காயை இறுக்கும். பாகில் எவ்வளவு கொதித்தாலும் துண்டு கலையாது. பிறகு தண்ணீரில் கண்ணாடிபோல் ஆகும்வரை வேகவைத்து வடிக்க வேண்டும்.

அடுத்ததுதான் முக்கியம். காயின் எடைக்குச் சமமாகச் சர்க்கரை எடுத்து இளம்பாகு காய்ச்சி, துண்டுகளைப் போட்டுக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து அப்படியே ஓர் இரவு மூடி வைக்க வேண்டும். மறுநாள் மறுபடி கொதி, மறுபடி ஓய்வு. மூன்றாம் நாள் ஒற்றைக்கம்பிப் பதம் வந்ததும் இறக்கி வடிகட்டி, முறத்தில் துணி விரித்து நிழலில் உலர்த்துவேன். முதல் நாளே கெட்டிப்பாகில் போட்டால் என்ன என்று கேட்கலாம். பாகு காயின் நீரை ஒரேயடியாக உறிஞ்சிவிடும், துண்டு சுருங்கித் தோல்போல் ஆகிவிடும். மெல்ல மெல்லக் கெட்டியானால்தான் நீர் வெளியேறும் இடத்தில் சர்க்கரை உள்ளே போய் அமரும். உள்ளே போதிய சர்க்கரை அமர்ந்துவிட்டால் பூஞ்சைக்கு வாழத் தண்ணீர் கிடைக்காது. அதனால்தான் அது மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது.

நிறத்துக்குப் பீட்ரூட் சாறு ஒரு பங்குக்கு, மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை இன்னொரு பங்குக்கு. கடைச் சிவப்பு வராது. எனக்கு அது வேண்டியதும் இல்லை. கமலா ஆரஞ்சுத் தோலையும் இதேபோலப் பாகில் போடுவேன். அதற்கு முன் மூன்று தண்ணீரில் கொதிக்கவைத்து மூன்றையும் கொட்டிக் கசப்பை எடுக்க வேண்டும்.

எதிர்வீட்டு ஆயா இந்த வேலையைத் திண்ணையிலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பார். எண்பதைத் தாண்டியவர். அவர் கை அதிரசத்துக்கு இந்தத் தெருவில் இணை கிடையாது. மூன்றாம் நாள் பாகை விரலில் தொட்டுப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு கொதி போவட்டும் பாப்பா" என்றார். அவர் கேக் சுட்டதில்லை, டூட்டி ஃப்ரூட்டி என்ற சொல்லே அவர் வாயில் வராது. ஆனால் அந்த ரெண்டு கொதிதான் சரியான கணக்கு. அதிரச மாவைப் பாகில் கிளறி ரெண்டு நாள் மூடிவைத்துப் பக்குவம் பார்ப்பவருக்கு, பாகையும் காத்திருப்பையும் யார் புதிதாகச் சொல்லித் தர வேண்டும்?

ஊறல்

ஒரு கேக்குக்கு என் கணக்கு இது. கருப்பு உலர்திராட்சை 100 கிராம், மஞ்சள் உலர்திராட்சை 100 கிராம், கொட்டை எடுத்து நறுக்கிய பேரீச்சை 100 கிராம், வீட்டு டூட்டி ஃப்ரூட்டி 100 கிராம், ஆரஞ்சுத் தோல் 50 கிராம், பாகில் போட்ட இஞ்சி கொஞ்சம். உலர்பழங்களை உலர்ந்த கண்ணாடி ஜாடியில் போட்டு மூழ்கும்வரை ரம் ஊற்றினால் சாராயமே காவல்; வெளியில் வைத்தாலே ஒரு மாதம் இருக்கும். மூன்று நாளைக்கு ஒருமுறை ஜாடியைக் குலுக்கினால் போதும்.

நான் வருடா வருடம் இரண்டு ஜாடி போடுகிறேன். ரம் ஜாடி ஒன்று. இன்னொன்று சாராயம் தொடாதவர்களுக்கு. கம்பத்துப் பன்னீர்த் திராட்சையை வேகவைத்துப் பிழிந்து, சாறு பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி, பட்டை கிராம்பு தட்டிப் போட்டு, ஆறியதும் தேன் கலந்து ஊற்றுவேன். இந்த ஜாடியைக் குளிர்பெட்டிக்கு வெளியே வைக்கக் கூடாது, நுரைத்துப் புளித்துவிடும். ஒரு மாதமும் தாங்காது. கேக் சுடுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்புதான் போடுவேன். சுவையில் இது ரம்முக்குக் குறைந்ததில்லை. கம்பம் திராட்சையின் அந்தப் பன்னீர் வாசம் கேக்கில் தனியாகத் தெரியும்.

2024-இல் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. பப்பாளித் துண்டுகளை முறத்தில் பரப்பி உலர்த்தியிருந்தேன். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. செஞ்சி, விழுப்புரம், திண்டிவனம் எல்லாம் வெள்ளத்தில் மிதந்தன. எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை, சுவரெல்லாம் ஈரம் கசிந்தது. நாலாம் நாள் முறத்தைப் பார்த்தால் துண்டுகள்மேல் சாம்பல் பூத்தது மாதிரி பூஞ்சை. அத்தனையும் போயிற்று. மூன்று நாள் உழைப்பைக் குப்பையில் கொட்டும்போது கண் கலங்கிவிட்டது. ஆனால் அலமாரியில் இருந்த ரம் ஜாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. புயலும் இருட்டும் ஈரமும் அதைத் தொடவில்லை. உலர்த்துவதானால் ஐப்பசி அடைமழைக்கு முன்பே, புரட்டாசி வெயில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்று அன்று கற்றேன்.

கெடாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய வித்தை என்பது செஞ்சிக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோட்டைக்குள் போகிறவர்கள் கல்யாண மகாலைப் படமெடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அதற்குப் பக்கத்திலுள்ள களஞ்சியங்களின் உள்ளே போய் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். தடித்த சுவர், வளைந்த கூரை, வெயில் எட்டாத குளிர்ச்சி. மராட்டிய மன்னர் ராஜாராமைப் பிடிக்க முகலாயப் படை 1690-இலிருந்து 1698 வரை இந்தக் கோட்டையைச் சுற்றி வளைத்து நின்றதே, அத்தனை காலம் உள்ளே இருந்தவர்கள் தாக்குப்பிடித்ததில் அரண் சுவருக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு தானியத்துக்கும் சுனைத் தண்ணீருக்கும் உண்டு. பிறகு 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சுப் படை ஓர் இரவில் கோட்டையைப் பிடித்தது. 1761 ஏப்ரல் வரை அவர்கள் கையில் இருந்தது. எண்ணிப் பார்த்தால் பதினோரு கிறிஸ்துமஸ். ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையில் அந்தப் பதினோரு டிசம்பர் இரவுகள் கழிந்திருக்கின்றன. 2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது நான் முதலில் நினைத்தது அந்தக் களஞ்சியங்களைத்தான்.

சுடும் நாள்

சுடுவதற்கு முதல் நாள் இரவே ரவையை ஊறப்போட்டுவிடுவேன். 250 கிராம் ரவையைச் சூடேறும் அளவுக்கு மட்டும் வறுத்து, அறை வெப்பத்தில் இளகிய 250 கிராம் வெண்ணெயில் பிசைந்து மூடி வைக்க வேண்டும். நிறம் மாறும்வரை வறுத்தால் உப்புமா வாசம் வந்துவிடும், கவனம். காலையில் பார்த்தால் ரவை ஒவ்வொன்றும் வெண்ணெய் குடித்துக் கொழுத்திருக்கும்.

அடுத்து கருக்கிய சர்க்கரை. மொத்தம் 250 கிராம் சர்க்கரையில் 100 கிராமை அடிகனமான இரும்புச் சட்டியில் தண்ணீரில்லாமல் உருக்க வேண்டும். பொன்னிறம் வரும், தேன் நிறம் வரும், செம்மண் நிறம் வரும். புகை எழும்பும் அந்த நொடியில் கொதிநீர் 100 மில்லி ஊற்ற வேண்டும். சட்டி சீறும், முகத்தைப் பின்னுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடி முந்தினால் கேக் வெளிறிவிடும், ஒரு நொடி பிந்தினால் கசந்துவிடும். கேக்கின் நிறமும் அடிநாக்கில் நிற்கும் அந்தச் சிறு கசப்பும் இதிலிருந்துதான். இதற்குச் சுருக்குவழி கிடையாது. வண்ணப்பொடி போட்டு இருட்டாக்கும் கேக்கை நான் பழக்கேக் என்று சொல்ல மாட்டேன்.

ஆறு முட்டைகளை மஞ்சள் வேறு வெள்ளை வேறாகப் பிரித்து, மஞ்சள் கருவை மீதிச் சர்க்கரையோடு அடித்து ரவையில் சேர்த்து, ஆறிய கருகல் பாகையும் ஊற்றிக் கலக்கி ஒரு மணி நேரம் விட வேண்டும். ஜாதிக்காய், பட்டை, கிராம்புப் பொடி எல்லாம் சேர்ந்து ஒரு தேக்கரண்டி. பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி. ஊறிய பழங்களை வடிகட்டி இரண்டு கரண்டி மைதாவில் புரட்டிப் போட்டால் அடியில் போய்த் தங்காது. முந்திரி 100 கிராமும், வறுத்துத் தோல் நீக்கி ஒன்றிரண்டாக உடைத்த மல்லாட்டை 50 கிராமும் கடைசியில்தான் சேர வேண்டும். பருப்பை ஊறப்போட்டால் கடி போய்விடும். மல்லாட்டை அந்த நோட்டில் இல்லை. அது நான் சேர்த்தது. முட்டை வெள்ளையை நுரைக்க அடித்து, நுரை உடையாமல் மெல்லக் கிளறினால் மாவு தயார்.

எங்கள் வீட்டில் ஓவன் வந்து சில வருடம்தான் ஆகிறது. 150 டிகிரியில் ஒன்றரை மணி நேரம், பாத்திரத்துக்குள் இரண்டு சுற்று வெண்ணெய்த்தாள். அதற்கு முன்பு அம்மா பெரிய குக்கரில் மணல் பரப்பி, கேஸ்கட்டையும் விசிலையும் எடுத்துவிட்டு, சிறு தீயில் சுட்டார். இரண்டிலும் வெந்துவிட்டதா என்று பார்க்க ஒரே வழி ஈர்க்குச்சிதான். குத்தி எடுத்தால் மாவு ஒட்டக் கூடாது. கொல்கத்தாவின் போ பாரக்ஸ் பகுதி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வீட்டில் கலந்த மாவைப் பக்கத்து பேக்கரிக்கு எடுத்துப்போய்ச் சுட்டு வாங்கி வருவார்கள். ஊருக்கே ஒரு பெரிய அடுப்பு என்ற அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்.

டிசம்பர் 19 மாலை கேக் வெந்து வரும்போது ஊஞ்சல் உற்சவத்துக்குக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. எங்கள் வாசலில் கால் ஆற உட்கார்ந்திருந்த ஆரணிப் பெண்கள் மூன்று பேர் ஜன்னல் பக்கம் திரும்பி, "இன்னா வாசனைம்மா இது?" என்று கேட்டார்கள். கொடுக்க ஆசைதான். ஆனால் சுட்ட அன்று பழக்கேக்கை வெட்டக் கூடாது. உதிரும், சாராயம் தனியாக நெடியடிக்கும், கிராம்பு தனியாகக் குத்தும். சூட்டோடு இரண்டு கரண்டி ஊறல் நீரைத் தடவி, ஆறியதும் தாளில் சுற்றி டப்பாவில் அடைத்துவிட வேண்டும். நாலைந்து நாளில் பழத்தின் ஈரம் ரவைக்கு இறங்கி, வாசனைகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். அந்தப் பெண்களுக்கு முந்திரியும் திராட்சையும் அள்ளிக் கொடுத்து அனுப்பினேன்.

சேத்துப்பட்டுக்கு ஒரு டப்பா

மேல்மலையனூருக்கு வடக்கே சேத்துப்பட்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையின் தாராஸ் அடிகளார் அங்கே ஊன்றிய திருச்சபையின் அடையாளம், ஊரை நெருங்கும்போதே கண்ணில் படும் லூர்து அன்னை ஆலயம். அம்மாவோடு வேலை பார்த்த டீச்சரம்மா அந்த ஆலயத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார். டிசம்பர் 24 மாலை ரம் கேக்கோடு பஸ் ஏறினேன். ஊரெங்கும் நட்சத்திர விளக்குகள். டீச்சரம்மா கதவைத் திறந்ததும் டப்பாவைத்தான் முதலில் வாங்கினார், பிறகுதான் என் கையைப் பிடித்தார். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து, அவர் வீட்டுப் பிள்ளைகள் தூக்கக் கண்ணோடு சுற்றி நிற்க, கேக்கை வெட்டினோம். "உங்கம்மா கை அப்படியே இருக்கு" என்றார். பிறகு இன்னொரு வாய் தின்றுவிட்டு, "இது என்னம்மா, மல்லாட்டையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லாத்தான் இருக்கு" என்று பிள்ளைகளுக்கும் எடுத்து ஊட்டினார்.

திராட்சைச் சாறு போட்ட இன்னொரு கேக்கை எங்கள் தெருவில் பங்கு வைத்தேன். எதிர்வீட்டு ஆயா தன் துண்டை வாங்கி முகர்ந்து பார்த்து, தின்னாமல் முந்தானையில் முடிந்துகொண்டார். இரண்டு நாள் கழித்துத்தான் தின்றாராம். மூன்றாம் நாள் காலையில் வாசலில் வந்து நின்றார். கையில் இரண்டு பப்பாளிக் காய். காம்பில் இன்னும் பால் சொட்டிக்கொண்டிருந்தது.

"எங்க கொல்லைல காச்சது. பால் வடியுது, பாத்து அரி" என்று திண்ணையில் வைத்தார். "தை வெயிலு வருது இல்ல, இப்பவே பாகுல போட்டு வெச்சுடு பாப்பா. அடுத்த கார்த்திய வரைக்கும் கிடக்கும்."